பட்டு ஊரில் தகடு மடிப்பவர்கள்

ஆரணி என்றதும் பட்டு நினைவுக்கு வரும்; அடுத்து அரிசி. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரின் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இங்கே அரைத்து மூட்டை கட்டும் அரிசி, ஊர்ப் பெயரைச் சொல்லியே வெளியூர்க் கடைகளில் விற்கிறது. இந்த இரண்டு தொழிலையும் தாங்கிக்கொண்டு மூன்றாவதாக ஒரு வேலை நடக்கிறது. அதற்கு ஊர்ப் பெயரும் இல்லை, குறியீடும் இல்லை.

அரிசி ஆலையில் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் நெடும்பெட்டி, நெல் கொட்டும் ஹாப்பர், மோட்டாருக்கு மேல் மூடும் கவர், பட்டுப்புடவையை மடித்து வைக்கும் பீரோ, கரண்ட் பெட்டி. இவை எல்லாமே ஒரு காலத்தில் எட்டடிக்கு நாலடி தட்டைத் தகடுகள். யாரோ ஒருவர் அவற்றைக் கோடு பிடித்து, அளவு வைத்து, ஒவ்வொரு மூலையாக மடித்திருக்கிறார். பட்டறையில் அவரை ‘பெண்டிங் ஆபரேட்டர்’ என்பார்கள். பெரிய கம்பெனியில் ‘பிரஸ் பிரேக் ஆபரேட்டர்’ என்பார்கள். ஆரணி போன்ற ஊர்களில் பெரும்பாலும் அவர் பெயர் ‘பெண்டிங் போடுற அண்ணன்’.

நெசவாளரின் கையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பேச வேண்டியதுதான். அதே ஊரில், அதே தெருவின் பிள்ளைகள் இன்று நிற்கும் இந்த மெஷினைப் பற்றியும் பேசியாக வேண்டும். தகடு மடிப்பது படித்துப் பழகித் தேற வேண்டிய தொழில். அதைத் ‘துணை வேலை’ என்று ஊர் நினைத்துக்கொண்டிருப்பதால்தான், அதைச் செய்கிற விரல்களுக்குக் காவல் இல்லாமல் இருக்கிறது.

ஒரு மடிப்பு எப்படி விழுகிறது

மெஷினின் கீழ்ப்பகுதியில் ‘வி’ வடிவப் பள்ளம் கொண்ட டை. மேலே கத்தி போல நீண்டு நிற்கும் பஞ்ச். பின்பக்கம் தகட்டின் ஓரம் போய் முட்டி நிற்கும் பேக் கேஜ். ஆபரேட்டர் தகட்டை டையின் மேல் தள்ளி, பேக் கேஜில் முட்டவைத்து, காலால் பெடலை மிதிக்கிறார். பஞ்ச் இறங்குகிறது. தகடு பள்ளத்துக்குள் அழுந்தி, முன்பக்கம் எழும்பி வருகிறது. எழும்பும் தகட்டைக் கையால் தாங்கிக் கூடவே தூக்க வேண்டும். தாங்காவிட்டால் மடிப்புக்குப் பக்கத்திலேயே தகடு தொய்ந்து வளைந்துவிடும்.

பார்க்கச் சில நொடி வேலை. உள்ளே நடப்பது கனமானது. 2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டுக்கு, தடிமனைப் போல எட்டு மடங்கு, அதாவது 16 மில்லிமீட்டர் அகலமுள்ள பள்ளத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அந்தத் தகட்டை எட்டடி நீளத்துக்கு ஒரே மடிப்பாக மடிக்க ஏறக்குறைய 40 டன் அழுத்தம் வேண்டும். அதே பள்ளத்தில் தகட்டின் தடிமனை இரட்டிப்பாக்கினால் அழுத்தம் நான்கு மடங்கு கேட்கும். எவர்சில்வர் தகடு என்றால் இரும்பைவிட ஒன்றரை மடங்கு. இந்தக் கணக்கு தப்பினால் டை வெடிக்கும், பஞ்ச் முனை உடையும். உடைந்த துண்டு எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது, தகட்டின் பிடிவாதம். 90 டிகிரிக்கு மடித்துப் பஞ்சைத் தூக்கியதும் தகடு கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பும். சாதா இரும்பு ஒரு டிகிரி போலத் திரும்பும். எவர்சில்வர் இரண்டு, மூன்று டிகிரி திரும்பும். ஆகவே 90 வேண்டுமென்றால் 89-க்கோ 87-க்கோ மடித்துவிட்டு, அதுவாகவே 90-க்கு வரும்படி விடவேண்டும். எவ்வளவு கூடுதலாக மடிப்பது என்பது லாட்டுக்கு லாட்டு மாறும். ஒரே கடையில் ஒரே கேஜ் என்று வாங்கிய இரண்டு தகடுகள்கூட ஒன்றுபோல நடந்துகொள்ளாது. அதனால்தான் கைதேர்ந்தவர் முதல் பீஸை மடித்து, மூலைமட்டம் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். மட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சக் கீற்று எந்தப் பக்கம் தெரிகிறது என்பதை வைத்து அடுத்த பீஸின் இறக்கத்தைக் கூட்டுவார், குறைப்பார்.

நீளமான தகட்டில் இன்னொரு சிக்கல். அழுத்தம் ஏறும்போது மெஷினின் படுகையே நடுவில் மிக நுண்ணிய அளவு தொய்யும். இரண்டு ஓரமும் 90 டிகிரி, நடுவில் 91 என்று மடிப்பு வாய் திறந்து வரும். புதிய மெஷின்களில் இதைச் சரிக்கட்டத் தனி ஏற்பாடு உண்டு. பழைய மெஷினில் அனுபவசாலி டையைத் தளர்த்தி, நடுப்பகுதிக்கு அடியில் காகிதத்தையோ மெல்லிய ஷிம் தகட்டையோ சொருகுவார். எத்தனை மடிப்புக் காகிதம், எவ்வளவு நீளத்துக்கு என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் பார்ப்பதில்லை. அந்த மெஷினோடு பழகிய பழக்கம் அது.

வெட்டும் முன்பே போடும் கணக்கு

ஒரு சேனல் வேண்டும். வெளி அளவு: ஒரு பக்கம் 50, அடிப்பகுதி 100, மறுபக்கம் 50 மில்லிமீட்டர். தகடு 2 மில்லிமீட்டர். எவ்வளவு அகலத்துக்குத் தகடு வெட்டுவது? மூன்றையும் கூட்டி 200 என்று வெட்டினால் வேலை கெட்டது. மடிப்பின் வெளிப்புறம் நீளும், உட்புறம் சுருங்கும். வெளி அளவுகளைக் கூட்டும்போது மூலைகளை இரட்டிப்பாகக் கணக்கில் எடுத்துவிடுகிறோம். ஆகவே இந்தத் தகட்டுக்கு ஒரு மடிப்புக்கு சுமார் 3.75 மில்லிமீட்டர் கழிக்க வேண்டும். இரண்டு மடிப்புக்கு 7.5 போக, வெட்ட வேண்டிய அகலம் 192.5. டை மாறினால் இந்த எண் மாறும். உலோகம் மாறினாலும் மாறும்.

எந்த மடிப்பை முதலில் போடுவது என்பது அடுத்த கேள்வி. நாலு பக்கமும் மூடிய பெட்டியில் வரிசை தப்பினால், கடைசி மடிப்புக்குப் போகும்போது ஏற்கெனவே எழும்பி நிற்கும் பக்கம் பஞ்சில் இடிக்கும். அந்தப் பீஸ் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். உருட்டாலையில் தகடு ஓடிய திசையையும் பார்க்க வேண்டும். அந்தத் திசைக்குக் குறுக்காக மடித்தால் மடிப்பு உறுதியாக நிற்கும். அதே திசையில் மடித்தால் வெளிப்புறம் கீறல் விடலாம். தகட்டைக் கையில் எடுத்ததும் அதன் மேல்பரப்பின் மெல்லிய கோடுகளைப் பார்த்தே திசையைச் சொல்லிவிடுவார்கள்.

இன்று கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு மெஷின்கள் வந்துவிட்டன. திரையில் அளவைக் கொடுத்தால் கழிவையும் வரிசையையும் மெஷினே சொல்லும். ராணிப்பேட்டை பெல் ஆலையைச் சுற்றியும், செய்யாறு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளிலும் அவை ஓடுகின்றன. ஆனால் திரை சொன்ன கோணம் தகட்டில் வந்ததா என்று பார்ப்பது இன்னமும் மனிதர்தான். திரையைத் தட்ட மட்டும் தெரிந்தவருக்கும், தகடு தெரிந்து திரையையும் தட்டுபவருக்கும் உள்ள வித்தியாசம், குப்பைக்குப் போகும் தகட்டின் எடையில் தெரிந்துவிடும்.

தறியிலிருந்து தகட்டுக்கு

ஆரணியிலும், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற சுற்றுவட்டாரத்து ஊர்களிலும் குழித்தறிச் சத்தம் குறைந்து வருவதற்குத் தனியாகச் சான்று வேண்டியதில்லை. இருந்தாலும் எண்களைப் பார்ப்போம். 2009-10 தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 43 லட்சத்துக்கும் மேல் இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை, 2019-20 கணக்கெடுப்பில் 35 லட்சமாகக் குறைந்தது. அதே கணக்கெடுப்பில், நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. அப்பா தறியில் உட்கார்ந்திருக்கும்போது மகன் பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அப்படிப் போகிற பிள்ளைகளில் ஒரு பகுதி தகடு வேலைக்குள் வருகிறது. சிலர் ஐ.டி.ஐ.யில் ஷீட் மெட்டல் ஒர்க்கர் பிரிவில் முறையாகப் படித்து வருகிறார்கள். பலர் ஹெல்பராகச் சேர்ந்து, தகட்டின் மறுமுனையைப் பிடிக்கத் தொடங்கி, ஆபரேட்டர் லீவு போட்ட நாளில் பெடல் மேல் கால் வைக்கிறார்கள். அவர்கள் கற்றுக்கொள்வது, முன்னால் நிற்பவர் செய்ததைப் பார்த்துத்தான். அவர் செய்த நல்லதும் வரும், ஆபத்தானதும் சேர்ந்தே வரும்.

நெசவு வீட்டுப் பிள்ளை இந்த வேலைக்குக் கொண்டுவரும் பழக்கம் ஒன்று உண்டு: அளவில் பொறுமை. பாவின் இழுவை ஒரு பக்கம் தளர்ந்தால் புடவை முழுக்கத் தெரியும் என்று பார்த்து வளர்ந்தவருக்கு, அரை மில்லிமீட்டர் பொருட்டில்லை என்று தோன்றாது. ஊர் இந்தத் திறமையைத் தறியில் மதித்தது. கைத்தறிக்கு 1985-ஆம் ஆண்டு இடஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்தோம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தோம். கைத்தறி, பட்டு நெசவாளருக்கென்று தனி நலவாரியமே தமிழ்நாட்டில் இருக்கிறது. இவை போதும் என்று எந்த நெசவாளரும் சொல்ல மாட்டார். ஆனாலும் அவர் தொழிலுக்கு ஒரு பெயரும், போய்க் கேட்க ஒரு கதவும் இருக்கின்றன. அதே பிள்ளை தகடு மெஷின் முன்னால் நின்றதும் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது.

விரல் போகும் வழிகள்

பெண்டிங் மெஷினில் விபத்து நடக்கும் விதங்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை. சின்னப் பீஸை மடிக்கும்போது விரல் நுனி பஞ்சுக்கு நேர் கீழே போய்விடும். பெடல் மேல் கால் இருக்கும்போதே கை தகட்டைச் சரிசெய்யும். இரண்டு பேர் பிடிக்கும் நீளத் தகட்டில், ஒருவர் கையை எடுக்கும் முன் மற்றவர் மிதித்துவிடுவார். பேக் கேஜைத் திருத்தப் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ கை விட்டிருக்கும்போது முன்னால் மெஷின் இறங்கும்.

மெஷினின் வயதும் முக்கியம். சக்கரமும் கிளட்சும் கொண்ட பழைய மெக்கானிக்கல் மெஷின்கள் பலவற்றில் பெடலை மிதித்துவிட்டால் ஒரு சுற்று முழுதாக முடியும்வரை பஞ்சை நிறுத்த வழி கிடையாது. ஹைட்ராலிக் மெஷினைப் பாதியில் நிறுத்த முடியும். ஆனால் அதன் பஞ்ச் வேகமாக இறங்கும் கட்டத்தில் நொடிக்கு 100 மில்லிமீட்டரைத் தாண்டிப் போகும். அந்த வேகத்துக்கு எதிரே மனிதன் சுதாரிப்பான் என்று நம்புவது தவறு.

இதற்கு உலகம் தீர்வு கண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. ஹைட்ராலிக் பெண்டிங் மெஷினுக்கான ஐரோப்பியத் தர விதி, காவல் கருவி இல்லாத நிலையில் பஞ்ச் நொடிக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்கிறது. விரல் நுழைய முடியாத 6 மில்லிமீட்டர் இடைவெளி வந்த பிறகுதான் காவலைத் தளர்த்தலாம் என்பது அதன் கணக்கு. பஞ்ச் முனைக்குச் சற்றுக் கீழே லேசர் கற்றை ஓடும். விரல் குறுக்கிட்டதும் மெஷின் நின்றுவிடும். இன்னும் எளிய வழி, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒருசேர அழுத்தினால் மட்டும் இறங்கும் ஏற்பாடு. பெடலுக்கு மேல் மூடியும், பக்கவாட்டில் கம்பித் தடுப்பும் நம் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே ஒரே நாளில் செய்துவிடக்கூடியவை.

ஹரியானாவின் மானேசர், குர்கான் பகுதி கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் காயம்பட்டவர்களுக்கு உதவும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு, 2019 முதல் ‘க்ரஷ்டு’ என்ற அறிக்கையை வெளியிட்டுவருகிறது. நசுங்கல் காயங்களில் பவர் பிரஸ் என்னும் அழுத்து இயந்திரம்தான் முதலிடத்தில் இருப்பதையும், காயம்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு விபத்து நடந்த பிறகே இ.எஸ்.ஐ. அட்டை கிடைத்திருப்பதையும் அது தொடர்ந்து பதிவு செய்கிறது. அங்கே எழுதிவைக்க ஒருவர் இருந்ததால் நாட்டுக்குத் தெரிந்தது. சிறு ஊர்ப் பட்டறையில் விரல் போனால், கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவதோடு சரி.

விரலுக்குச் சட்டம் வைத்த விலை

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குக் கட்டாயம் தடுப்பு வைக்கச் சொன்னது. மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்யும் இடம்தான் அந்தச் சட்டத்தில் தொழிற்சாலையாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, அந்த 10-ஐ 20 ஆக உயர்த்திவிட்டது. நாலு பேர், எட்டு பேர் வேலை செய்யும் பட்டறை முன்பும் வெளியே இருந்தது. இப்போது பதினைந்து பேர் உள்ள பட்டறையும் தொழிற்சாலை என்ற வரையறைக்கு வெளியே போய்விட்டது.

ஆனால் இழப்பீடு வேறு விஷயம். இதைப் பட்டறைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், மின்சாரத்தில் இயங்கும் உற்பத்தி இடத்துக்கு ஆள் எண்ணிக்கையில் குறைந்தபட்ச வரம்பு எதுவும் வைக்கவில்லை. இரண்டு பேர் வேலை செய்தாலும் முதலாளிக்குப் பொறுப்பு உண்டு. அந்த ஏற்பாடு இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் வந்திருக்கிறது. எந்த விரல் போனால் எத்தனை சதவீதம் சம்பாதிக்கும் திறன் போகிறது என்று அட்டவணையே இருக்கிறது. கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் 7. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரலின் நுனிச் சதை மட்டும் போனால் 5.

இதைப் பணமாக்கிப் பார்ப்போம். 30 வயதுத் தொழிலாளி. மாதச் சம்பளம் 15,000 ரூபாய். அதற்கு மேல் வாங்கினாலும், 2020 ஜனவரியில் அறிவித்த உச்சவரம்பு அதுதான். அதில் 60 சதவீதம் 9,000. அந்த வயதுக்குரிய காரணி 207.98. இரண்டையும் பெருக்கி, 14 சதவீதம் எடுத்தால், ஆள்காட்டி விரலுக்குக் கிடைப்பது சுமார் 2,62,000 ரூபாய். சுண்டுவிரலுக்கு அதில் பாதி. தகட்டின் விளிம்பைத் தடவி மடிப்பின் நேர்த்தியைச் சொல்லும் விரலுக்கு இது நியாயமான விலையா என்பது ஒரு கேள்வி. இந்தத் தொகைகூட உண்டு என்று தெரியாமல், ஆஸ்பத்திரிச் செலவோடு சமாதானமாகிப் போகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விபத்து நடந்ததும் முதலில் வரும் சொல், ‘உன் கவனக்குறைவு’. சட்டத்தின் முன் கவனக்குறைவு மட்டும் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது. குடித்திருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, காவல் கருவியை வேண்டுமென்றே கழற்றியது போன்றவைதான் காரணமாக முடியும். காவலே இல்லாத மெஷினில் காவலைக் கழற்றினான் என்று யாரும் சொல்ல முடியாது. 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்; அங்கே நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அட்டை கையில் இருக்கிறதா என்பதை வேலைக்குச் சேர்ந்த வாரமே கேட்டுவிட வேண்டும்.

வேலூர் பக்கத்தில்தான் இருக்கிறது

காயம்பட்ட கைக்கு மருத்துவமும் தொலைவில் இல்லை: ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் வேலூர். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றிப் பொருத்தி நிமிரவைக்கும் அறுவைச் சிகிச்சையை வளர்த்தெடுத்தார். உலகக் கை அறுவைச் சிகிச்சை வரலாற்றில் அந்த ஊருக்கு இடம் உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971-இல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைத் துறை ஏழைத் தொழிலாளருக்கான பெரிய வாசல்.

அங்கே போய்ச் சேருவதற்குள் பட்டறையில் செய்ய வேண்டியது எளிது. ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைக்க வேண்டும். விரல் நேரடியாக ஐஸிலோ தண்ணீரிலோ படக் கூடாது. குளிர்ச்சியில் வைக்காத விரல் 12 மணி நேரம்வரை தாக்குப்பிடிக்கலாம். முறையாகக் குளிர்ச்சியில் வைத்தால் ஒரு நாள்வரை. தகடு வெட்டும் ஷியரிங் மெஷினில் சீராக வெட்டுப்பட்ட விரலை ஒட்டவைக்க வாய்ப்பு அதிகம். பெண்டிங் மெஷினில் நசுங்கிய விரலுக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஆகவே பெண்டிங் மெஷினில் தடுப்பதுதான் முதல் சிகிச்சை.

செய்ய முடிந்தவை

பட்டறை முதலாளிகளும் எதிரிகள் இல்லை. அவர்களில் பலர் முதலில் அதே மெஷினில் நின்றவர்கள். பழைய மெஷினைத் தவணையில் வாங்கி, மடிப்புக் கூலியில் கடன் அடைப்பவர்கள். அவர்கள் தலையில் எல்லாவற்றையும் கட்டினால் எதுவும் நடக்காது. ஆனால் பெடலுக்கு மூடி, பக்கத் தடுப்பு, இருகைப் பொத்தான் ஆகிய மூன்றும் ஒரு விரலின் இழப்பீட்டைவிட மலிவு. கிளட்ச் வைத்த பழைய மெஷினில் கையால் பிடிக்கும் சின்னப் பீஸ் மடிப்பதில்லை என்று இன்றே முடிவெடுக்கலாம். 18 வயது நிரம்பாத பிள்ளையை மெஷின் பக்கம் விடுவதில்லை என்பதையும்.

அரசு செய்ய வேண்டியது இரண்டு. சிறு பட்டறைகளில் அனுபவத்தால் கற்றவர்களுக்கு ஐ.டி.ஐ.க்கள் வழியாக மாலைநேரக் குறுகியகாலப் பயிற்சியும், தேர்வு வைத்துத் திறன் சான்றும் தர வேண்டும். இருபது பேருக்குக் குறைந்த இடம் என்று சொல்லி, பிரஸ், ஷியரிங், பெண்டிங் மெஷின்களை ஆய்விலிருந்து விட்டுவிடக் கூடாது. ஆள் எண்ணிக்கையை வைத்து அல்ல, மெஷினின் ஆபத்தை வைத்துத்தான் ஆய்வு வர வேண்டும்.

மூன்றாவது பொறுப்பு வாங்குபவருக்கு. ஆரணியில் தகடு வேலைக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் அரிசி ஆலைகளும் ஜவுளிக் கடைகளும்தான். எலிவேட்டருக்கும் அலமாரிக்கும் ஆர்டர் கொடுக்கும்போது விலையும் டெலிவரித் தேதியும் கேட்கிறோம். அதோடு மெஷினில் தடுப்பு இருக்கிறதா, ஆட்களுக்கு இ.எஸ்.ஐ.யோ விபத்துக் காப்பீடோ இருக்கிறதா என்றும் கேட்போம். இருக்கிற பட்டறைக்கு ஆர்டர் கொடுப்போம். பத்து ஆலைகள் இதைக் கேட்க ஆரம்பித்தால், ஊரில் உள்ள அத்தனை பெண்டிங் மெஷினுக்கும் ஓராண்டுக்குள் தடுப்பு வந்துவிடும்.